‘மெயில் ஐடி மட்டும்தான் வெளியானது’ என்றால் கவலை இல்லையா?

வாசகர் கேள்வி – பதில்

ஒரு நிறுவனத்தின் வாடிக்கையாளர் பட்டியல் திருடு போய், ‘உங்கள் மெயில் ஐடி வெளியாகியிருக்கலாம்’ என்று அறிவிப்பு வந்தால் என்ன செய்வது? சேலத்திலிருந்தும் ஏற்காட்டிலிருந்தும் இது பற்றி நிறையக் கடிதங்கள் வந்திருக்கின்றன. இந்த இதழ் முழுவதும் அவற்றுக்கான பதில்களே.

வாசகி, அஸ்தம்பட்டி: வணக்கம்ங்க. நான் ஆன்லைனில் துணி வாங்கும் கடையிலிருந்து போன வாரம் ஒரு மெயில் வந்தது. ‘எங்கள் சிஸ்டத்துக்குள் யாரோ நுழைந்துவிட்டார்கள். உங்கள் மெயில் ஐடி மட்டும் வெளியாகியிருக்கலாம். பாஸ்வேர்ட், கார்டு விவரங்கள் பத்திரமாக உள்ளன. கவலைப்பட வேண்டாம்’ என்று எழுதியிருக்கிறார்கள். கஸ்டமர் கேரில் கேட்டால் இதையே திருப்பிச் சொல்கிறார்கள். எனக்கு ஆத்திரமாக வருகிறது. வீட்டிலோ, ‘மெயில் ஐடிதானே, அதைத்தான் ஊருக்கெல்லாம் கொடுக்கிறோமே’ என்கிறார்கள். நான் கோபப்படுவது தப்பா?

தப்பே இல்லை. அந்த மெயிலில் ‘மட்டும்’ என்று போட்டிருக்கிறார்களே, அந்தச் சொல்தான் தப்பு. நீங்களாகக் கொடுக்கும்போது மெயில் ஐடி தனியாகப் போகிறது. கடையின் பட்டியலிலிருந்து திருடு போகும்போது, இந்த ஐடிக்காரர் இந்தக் கடையில் வாங்குகிறவர் என்ற செய்தியும் சேர்ந்து போகிறது. பெரும்பாலும் பெயரும் பக்கத்திலேயே இருக்கும். மோசடிக்காரனுக்கு இந்த மூன்றும் போதும். ‘அன்புள்ள வாடிக்கையாளரே’ என்று மொட்டையாக வரும் பொய் மெயிலை நாம் பார்த்ததுமே தள்ளிவிடுவோம். உங்கள் பெயரைச் சொல்லி, நீங்கள் வாங்கும் அதே கடையின் சின்னத்தோடு, ‘உங்கள் ரீஃபண்ட் நின்றுவிட்டது, யுபிஐ விவரத்தைச் சரிபாருங்கள்’ என்று வந்தால் யாருக்கும் விரல் லிங்க்கை நோக்கிப் போகத்தான் செய்யும்.

இது வெறும் ஊகம் இல்லை. அமெரிக்காவில் எப்சிலான் என்ற நிறுவனம் பல வங்கிகளுக்கும் கடைகளுக்கும் ஒப்பந்த அடிப்படையில் மெயில் அனுப்பிக் கொடுத்துவந்தது. 2011 மார்ச் கடைசியில் அங்கே நுழைந்தவர்களுக்குக் கிடைத்தது பெரும்பாலும் பெயரும் மெயில் ஐடியும்தான். ஆனால் எந்த ஐடி எந்த வங்கியின் வாடிக்கையாளருடையது என்பதும் தெரிந்துவிட்டதால், ‘எங்கள் பெயரில் பொய் மெயில் வரலாம்’ என்று அந்த வங்கிகளே எழுதி எச்சரிக்க வேண்டியதாயிற்று. வாடிக்கையாளர்களில் பலர் எப்சிலான் என்ற பெயரையே அப்போதுதான் கேள்விப்பட்டிருப்பார்கள். நம் ஊரிலும் 2021-இல் ஏர் இந்தியாவின் சுமார் 45 லட்சம் பயணிகளின் விவரம் இப்படித்தான் போனது. கசிந்த இடம் ஏர் இந்தியாவின் அலுவலகம் அல்ல, அதற்காகப் பயணிகள் விவரத்தைக் கையாண்ட சிட்டா என்ற வெளிநாட்டு நிறுவனம்.

உங்களுக்கு வந்த அறிவிப்பை மறுபடி எடுத்துப் பாருங்கள். கசிவு நடந்த தேதி, அவர்கள் கண்டுபிடித்த தேதி, உங்களுக்கு எழுதிய தேதி ஆகிய மூன்றும் அதில் இருக்கிறதா? நடந்ததற்கும் எழுதியதற்கும் நடுவில் எத்தனை நாள் போனதோ, அத்தனை நாள் உங்களுக்குத் தெரியாமல் உங்கள் ஐடி வேறொருவர் கையில் இருந்திருக்கிறது. அந்த நாட்களில் அந்தக் கடை பெயரில் வந்த மெயில் எதையாவது திறந்து லிங்க்கைத் தட்டினீர்களா என்று யோசித்துப் பாருங்கள். ‘வெளியாகியிருக்கலாம்’ என்று எழுதியிருந்தால், யார் எதை எடுத்தார்கள் என்பதைக் காட்டும் பதிவு அவர்களிடம் முழுமையாக இல்லை என்றுதான் பெரும்பாலும் அர்த்தம். அதனால் வெளியாகிவிட்டது என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று. கசிவுச் செய்தி பரவியதும், கசிவு அறிவிப்பு மாதிரியே பொய் மெயில் தயாரித்து அனுப்புவதும் நடக்கிறது. ‘உங்கள் கணக்கைப் பாதுகாக்க இங்கே தட்டவும்’ என்று பொத்தான் வைத்திருப்பார்கள். அது உண்மையான அறிவிப்பாகவே இருந்தாலும் அந்தப் பொத்தானைத் தொட வேண்டாம். கடையின் ஆப்பைத் திறந்தோ, முகவரியை நீங்களே டைப் செய்தோ உள்ளே போங்கள்.

வாசகர், கொண்டலாம்பட்டி: தறி ஓட்டுறவங்க நாங்க. எனக்கும் இந்த மாதிரி மெயில் வந்துச்சு. எல்லாத்துக்கும் ஒரே பாஸ்வேர்டுதான் வெச்சிருக்கேன். இன்னைக்கு ராத்திரி உக்காந்தா என்னென்ன செய்யணும்னு வரிசையாச் சொல்லுங்க.

எல்லோரும் முதலில் அந்தக் கடையின் பாஸ்வேர்டை மாற்றத்தான் ஓடுவார்கள். நீங்கள் மெயிலில் ஆரம்பியுங்கள். எந்தக் கணக்கிலும் ‘பாஸ்வேர்ட் மறந்துவிட்டது’ என்று தட்டினால் புதுப் பாஸ்வேர்டுக்கான லிங்க் பெரும்பாலும் உங்கள் மெயிலுக்குத்தான் வரும். மெயில் பிடிபட்டால் மற்ற எல்லாமே பிடிபட்ட மாதிரிதான்.

மெயிலுக்கு இதுவரை வேறு எங்குமே போடாத பாஸ்வேர்ட் ஒன்றை வையுங்கள். ஒன்றுக்கொன்று தொடர்பே இல்லாத நான்கு சொற்களை ஆங்கில எழுத்தில் சேர்த்தால் போதும். தறி, மாங்காய், குடை, பாலம் என்பது போல (இதையே போட்டுவிடாதீர்கள்). 15, 20 எழுத்து வந்துவிடும், மனதிலும் நிற்கும். பெயர், பிறந்த ஆண்டு, வண்டி நம்பர் வேண்டாம். ஒரு நோட்டில் எழுதி பீரோவில் வைப்பதில் தவறில்லை. வெளிநாட்டில் உட்கார்ந்து திருடுகிறவன் உங்கள் பீரோவைத் திறக்கப்போவதில்லை. செல்போனில் படம் எடுத்து வைப்பதும், வாட்ஸ்அப்பில் தனக்குத்தானே அனுப்பிக்கொள்வதும்தான் கூடாது.

அடுத்து கூகுள் கணக்கில் ‘செக்யூரிட்டி’ பக்கத்துக்குப் போய் ‘டூ ஸ்டெப் வெரிஃபிகேஷன்’ (பாஸ்வேர்டோடு இன்னொரு சோதனையும் கேட்கும் வசதி) போடுங்கள். அதே பக்கத்தில் ‘யுவர் டிவைசஸ்’ என்று இருக்கும். உங்கள் கணக்கு எந்தெந்தப் போனிலும் கம்ப்யூட்டரிலும் திறந்திருக்கிறது என்று அது காட்டும். விற்றுவிட்ட பழைய போன், பிரவுசிங் சென்டர் கம்ப்யூட்டர், தெரியாத ஊர் என்று எது இருந்தாலும் ‘சைன் அவுட்’ கொடுங்கள். ரெக்கவரிக்குக் கொடுத்த போன் நம்பர் இன்றும் உங்களிடம் இருக்கிறதா என்றும் பாருங்கள். ரீசார்ஜ் செய்யாமல் விட்ட நம்பர் சில மாதங்களில் வேறொருவருக்குப் போய்விடும்.

இதற்குப் பிறகு உள்ள ஓர் இடத்தைப் பலரும் பார்ப்பதே இல்லை. ஜிமெயில் ஆப்பில் அது வராது. போனில் குரோமைத் திறந்து, மூன்று புள்ளியைத் தட்டி, ‘டெஸ்க்டாப் சைட்’ போட்டு ஜிமெயிலுக்குள் போங்கள். பல்சக்கரச் சின்னம், ‘சீ ஆல் செட்டிங்ஸ்’, அதில் ‘ஃபில்டர்ஸ் அண்ட் பிளாக்டு அட்ரஸஸ்’. நீங்கள் எதுவும் போட்டதில்லை என்றால் அந்த இடம் காலியாக இருக்க வேண்டும். அங்கே உங்கள் வங்கியின் மெயில் முகவரியும், பக்கத்தில் ‘ஸ்கிப் இன்பாக்ஸ், டெலீட் இட்’ என்று ஒரு வரியும் இருந்தால், யாரோ உள்ளே வந்து போயிருக்கிறார்கள். வங்கி அனுப்பும் எச்சரிக்கை வந்த கணமே குப்பைக்குப் போய்க்கொண்டிருக்கும். பாஸ்வேர்டை மாற்றினாலும் அந்த வரி அப்படியே நிற்கும், கையால் அழித்தால்தான் போகும். பக்கத்துத் தலைப்பான ‘ஃபார்வர்டிங்’கில் தெரியாத முகவரி ஏதாவது இருக்கிறதா என்றும் பாருங்கள். இருந்தால் உங்களுக்கு வரும் ஒவ்வொரு மெயிலுக்கும் ஒரு நகல் அங்கே போய்க்கொண்டிருக்கிறது.

மெயில் முடிந்த பிறகு, அதே பழைய பாஸ்வேர்டைப் போட்ட மற்ற இடங்களுக்கு வாருங்கள். பணம் புழங்கும் கணக்குகள் முதலில், கசிந்த கடை அடுத்து, மீதி பிறகு. ஓரிடத்தில் கிடைத்த ஐடியையும் பாஸ்வேர்டையும் எடுத்து நூறு தளங்களில் தானாகப் போட்டுப் பார்க்கும் மென்பொருள் இருக்கிறது. ஒரே பாஸ்வேர்ட் வைத்திருப்பவர்கள் அதில்தான் மாட்டுகிறார்கள். ‘பாஸ்வேர்ட் எல்லாம் என்கிரிப்ட் ஆகியிருந்தது’ என்று நிறுவனம் சொன்னாலும் மாற்றிவிடுங்கள். எம்.டி.5 போன்ற பழைய முறையில் மாற்றி வைத்திருந்தால், எளிய பாஸ்வேர்டுகளைத் திரும்பக் கண்டுபிடிக்க அதிக நேரம் ஆகாது.

மாணவி, அம்மாபேட்டை: எந்த நிறுவனத்திலிருந்து நம் ஐடி கசிந்தது என்று கண்டுபிடிக்க வழி இருக்கிறதா?

இருக்கிறது. ஜிமெயிலில் உங்கள் பெயருக்குப் பிறகு, அட் குறிக்கு முன்னால், கூட்டல் குறி போட்டு ஒரு சொல்லைச் சேர்க்கலாம். புத்தகக் கடைக்குக் கொடுக்கும்போது ‘+புக்’, செருப்புக் கடைக்கு ‘+ஷூ’ என்று ஆங்கில எழுத்தில் சேருங்கள். எல்லாமே உங்கள் அதே இன்பாக்ஸுக்குத்தான் வரும். நாளைக்கு ‘+ஷூ’ முகவரிக்கு லோன் விளம்பரம் வந்தால் யாரிடமிருந்து போயிற்று என்று தெரிந்துவிடும். குறைகளும் உண்டு. சில தளங்கள் கூட்டல் குறியை ஏற்காது. விவரம் தெரிந்த திருடன் கூட்டலுக்குப் பின்னால் உள்ளதை வெட்டிவிட்டு அனுப்புவான்.

ஏற்கெனவே கசிந்ததா என்று பார்க்க, ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த ட்ராய் ஹன்ட் 2013-இல் தொடங்கிய ‘ஹேவ் ஐ பீன் போன்ட்’ தளத்தில் ஐடியைப் போடலாம், கட்டணம் இல்லை. எந்தக் கசிவில், எந்த ஆண்டு, என்னென்ன விவரம் போனது என்று காட்டும். அங்கே ஒன்றும் வரவில்லை என்றால் கசியவே இல்லை என்று அர்த்தமில்லை, அந்தத் தளத்துக்கு வந்து சேர்ந்த பட்டியல்களில் இல்லை என்றுதான் அர்த்தம்.

ஓய்வுபெற்ற ரயில்வே ஊழியர், சூரமங்கலம்: ‘உன் கம்ப்யூட்டர் என் கையில் இருக்கிறது, கேமராவில் உன்னைப் படம் எடுத்துவிட்டேன், பிட்காயின் அனுப்பு’ என்று மெயில். என் பழைய பாஸ்வேர்ட் ஒன்றையும் சரியாக எழுதியிருக்கிறான். அனுப்பியவர் இடத்தில் என் ஐடியே இருக்கிறது. இரண்டு நாளாகத் தூக்கம் இல்லை.

நிம்மதியாகத் தூங்குங்கள் ஐயா. அந்தப் பாஸ்வேர்ட் ஏதோ ஒரு பழைய கசிவிலிருந்து எடுத்தது. அதே வாசகத்தைப் பாஸ்வேர்டை மட்டும் மாற்றி ஆயிரக்கணக்கானவர்களுக்கு அனுப்புகிறார்கள். அவனிடம் வீடியோ எதுவும் இல்லை. தபால் உறையின் பின்புறம் அனுப்புநர் என்று யார் பெயரை வேண்டுமானாலும் எழுதலாம் அல்லவா, மெயிலிலும் அப்படித்தான். பணம் அனுப்பாதீர்கள், பதில் எழுதாதீர்கள். அந்தப் பாஸ்வேர்ட் இன்னும் எங்காவது பயன்பாட்டில் இருந்தால் மட்டும் இன்றே மாற்றிவிடுங்கள்.

வெள்ளி வியாபாரி, செவ்வாய்ப்பேட்டை: கொலுசுக்கு மூலப்பொருள் கொடுக்கும் வெளியூர்ப் பார்ட்டியிடமிருந்து மெயில் வந்தது. ‘ஆடிட் நடப்பதால் பழைய அக்கவுண்டில் பணம் போட வேண்டாம், புது அக்கவுண்டில் போடுங்கள்’ என்று. பில் நம்பர், தொகை எல்லாம் சரியாக இருக்கிறது. பணம் போடலாமா?

போடாதீர்கள். முதலில் போனை எடுத்து, உங்கள் டைரியில் பல வருடமாக இருக்கும் அவருடைய பழைய நம்பரில் கூப்பிட்டு, அவர் குரலில் கேளுங்கள். அந்த மெயிலின் அடியில் உள்ள நம்பருக்குக் கூப்பிடக்கூடாது. அதை எடுக்கப்போவது மோசடிக்காரனாகவும் இருக்கலாம்.

கசிந்த மெயில் ஐடியால் பெரிய தொகை பறிபோவது பெரும்பாலும் இந்த வழியில்தான் என்பதால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறோம். உங்கள் ஐடி அல்லது பார்ட்டியின் ஐடி எங்காவது கசிகிறது. அதைக் கொண்டு அவருடைய மெயிலுக்குள் நுழைந்தவன் உடனே எதையும் திருட மாட்டான். வாரக்கணக்கில் உட்கார்ந்து படிப்பான். யார் யாருக்கு எவ்வளவு கொடுக்க வேண்டும், பில் எப்போது போகும், எப்படி ‘வணக்கம் அண்ணாச்சி’ போட்டு எழுதுவார் என்பதெல்லாம் அவனுக்கு அத்துப்படி ஆகிவிடும். பணம் கைமாறும் வாரத்தில் இந்த ஒரு மெயில் வரும். பில் நம்பர் சரியாக இருப்பதே உங்களுக்கு நம்பிக்கை தருகிறது. அவன் அந்தப் பில்லைப் பார்த்துத்தான் எழுதியிருக்கிறான்.

மெயிலில் பார்க்க வேண்டிய அடையாளங்கள் சில உண்டு. முகவரியை எழுத்து எழுத்தாகப் படியுங்கள். ஆங்கில ‘எம்’ வர வேண்டிய இடத்தில் ‘ஆர்’, ‘என்’ இரண்டையும் ஒட்டி எழுதியிருந்தால் கண் ‘எம்’ என்றே படிக்கும். கண்ணாடி போட்டுப் பார்த்தாலும் சிறிய திரையில் தப்பிவிடும். அந்த முகவரியை நகலெடுத்து பெரிய எழுத்தில் ஒட்டிப் பாருங்கள். ‘ரிப்ளை’ கொடுத்தால் பெறுநர் இடத்தில் வேறு முகவரி வருகிறதா என்று பாருங்கள். கம்ப்யூட்டரில் ஜிமெயிலின் மூன்று புள்ளியைத் தட்டி ‘ஷோ ஒரிஜினல்’ போட்டால் எஸ்.பி.எஃப்., டி.கே.ஐ.எம்., டிமார்க் என்று மூன்று வரி வரும். அனுப்பியவர் முகவரி போலியா என்று பார்க்கும் சோதனைகள் இவை. அவற்றில் ‘ஃபெயில்’ என்று இருந்தால் ஒதுக்கிவிடுங்கள். ஆனால் மூன்றிலும் ‘பாஸ்’ என்று வந்தாலும் நம்பிவிட முடியாது. உங்கள் பார்ட்டியின் உண்மையான மெயில் கணக்குக்குள்ளேயே திருடன் உட்கார்ந்து அனுப்பினால் எல்லாமே பாஸ் ஆகும். அதனால்தான் போன் அழைப்பு என்கிறோம். குரல் கேட்ட பிறகும், புதிய அக்கவுண்டுக்கு ஒரு ரூபாய் போட்டு, வந்ததா என்று அதே பழைய நம்பரில் கேட்டுவிட்டு மீதியைப் போடுங்கள்.

ஆர்.டி.ஜி.எஸ். போன பிறகு நீங்களாகத் திரும்ப எடுக்க வழியில்லை. தவறாகப் போய்விட்டது என்று தெரிந்தால் அடுத்த நிமிடமே 1930 என்ற சைபர் மோசடி உதவி எண்ணுக்கும் உங்கள் வங்கிக் கிளைக்கும் கூப்பிடுங்கள். அவர்கள் செய்யக்கூடியது, பணம் போய்ச் சேர்ந்த கணக்கை முடக்குவது. பணம் அங்கேயே கிடந்தால்தான் அது பலிக்கும். மோசடிக்காரர்கள் அதைச் சில மணி நேரத்தில் பல கணக்குகளுக்குப் பிரித்துவிடுவார்கள். வெட்கப்பட்டு வீட்டில் சொல்லாமல் ஒரு ராத்திரி தள்ளினால் அந்த ராத்திரியிலேயே போய்விடும்.

காட்டேஜ் நடத்துபவர், ஏற்காடு: எங்களிடம் ரூம் புக் செய்தவர்களுக்கு எங்கள் பெயரில், ‘அட்வான்ஸ் கிடைக்கவில்லை, மறுபடி கட்டவும்’ என்று மெசேஜ் போயிருக்கிறது. இருவர் கட்டியும்விட்டார்கள். கோடை விழா சீசன் வேறு. எங்கள் மேல் தப்பே இல்லை, ஆனால் விருந்தினர்கள் எங்களைத்தான் திட்டுகிறார்கள்.

அவர்கள் உங்களை நம்பித்தான் விவரம் கொடுத்தார்கள். கசிவு உங்கள் கம்ப்யூட்டரிலா, புக்கிங் தளத்திலா என்பது பிறகு தெரியட்டும். இன்றைக்கே வரப்போகிற எல்லா விருந்தினருக்கும் தனித்தனியாக நாலு வரி எழுதுங்கள்: ‘எங்கள் பெயரில் பொய்ச் செய்தி போகிறது. நீங்கள் கட்டிய அட்வான்ஸ் எங்களிடம் பத்திரமாக இருக்கிறது. மீதியை இங்கே வந்த பிறகு கொடுத்தால் போதும். ஏற்கெனவே மறுபடி பணம் கட்டியிருந்தால் உடனே 1930-க்கும் உங்கள் வங்கிக்கும் சொல்லுங்கள்.’ எல்லா ஐடியையும் ‘டூ’ கட்டத்தில் வரிசையாகப் போட்டு அனுப்பிவிடாதீர்கள். அப்படிச் செய்தால் ஒவ்வொருவர் ஐடியும் மற்ற எல்லோருக்கும் தெரிந்து, அதுவே இன்னொரு கசிவாகிவிடும். ஒருவர் ஐடி மற்றவருக்குத் தெரியாமல் அனுப்பத்தான் ‘பிசிசி’ கட்டம் இருக்கிறது.

தங்குமிடங்களைக் குறிவைத்து உலகம் முழுக்க ஒரு தந்திரம் நடக்கிறது. விருந்தினர் புகார் செய்த மாதிரி ஒரு மெயில் வரும். லிங்க்கைத் தட்டினால், ‘நீங்கள் மனிதர்தான் என்று நிரூபிக்க, விண்டோஸ் பட்டனையும் ஆர் எழுத்தையும் சேர்த்து அழுத்தி, பேஸ்ட் செய்து, என்டர் தட்டவும்’ என்று ஒரு பக்கம் வரும். உங்கள் ரிசப்ஷன் பையன் அதைச் செய்த நொடியில் திருட்டு மென்பொருள் கம்ப்யூட்டரில் இறங்கி, புக்கிங் கணக்கின் பாஸ்வேர்டை எடுத்துப் போய்விடும். எந்த உண்மையான தளமும் அப்படிச் செய்யச் சொல்லாது. ரிசப்ஷனில் உட்காருபவரிடம் இன்றே கேளுங்கள், திட்டாமல் கேளுங்கள். அப்படி நடந்திருந்தால் அந்தக் கம்ப்யூட்டரின் நெட்டைத் துண்டித்து, வேறு கருவியிலிருந்து எல்லாப் பாஸ்வேர்டையும் மாற்றி, பிறகு விண்டோஸைப் புதிதாகப் போடச் சொல்லுங்கள்.

எஸ்டேட் பள்ளத்தில் டவர் கிடைக்காது, ஓடிபி வராது என்று டூ ஸ்டெப் வெரிஃபிகேஷனையே எடுத்துவிடுபவர்கள் உண்டு. ஆத்தென்டிகேட்டர் ஆப் போட்டால் டவரும் வேண்டாம், நெட்டும் வேண்டாம். போனில் நேரம் சரியாக இருந்தால் போதும், 30 வினாடிக்கு ஒரு முறை ஆறு இலக்க எண் தானாக மாறிக்கொண்டே வரும். கூகுள் தரும் 10 பேக்கப் கோடுகளையும் காகிதத்தில் எழுதிக் கல்லாப் பெட்டியில் வையுங்கள். ஒரு கோடு ஒரு முறைதான் வேலை செய்யும், பயன்படுத்தியதை அடித்துவிடுங்கள்.

இன்னும் ஒன்று கேட்க வேண்டியிருக்கிறது. மூன்று வருடத்துக்கு முன் வந்து போனவரின் ஆதார் நகல் இன்னும் உங்கள் வாட்ஸ்அப்பில் கிடக்கிறதா? வைத்திருக்காத விவரம் கசியாது. இனிமேல் கடைசி நான்கு எண் மட்டும் தெரியும் ‘மாஸ்க்டு ஆதார்’ கேளுங்கள், சட்டப்படி வைத்திருக்க வேண்டிய பதிவை மட்டும் வைத்துக்கொண்டு மீதியை அழியுங்கள்.

வாசகி, மேட்டூர்: ஒரே இரவில் நானூறு மெயில். எல்லாம் நான் கேட்காத நியூஸ்லெட்டர், தெரியாத மொழியில். அன்சப்ஸ்கிரைப் செய்து மாளவில்லை.

அன்சப்ஸ்கிரைப் செய்வதை நிறுத்துங்கள். அந்த நானூறுக்கு நடுவில் ஒரே ஒரு மெயிலை மறைக்கத்தான் இது நடந்திருக்க வாய்ப்பு அதிகம். தேடல் பெட்டியில் உங்கள் வங்கியின் பெயரைப் போட்டுத் தேடுங்கள். பிறகு ‘ஆர்டர்’, ‘ஓடிபி’, ‘பாஸ்வேர்ட்’, ‘பெனிஃபிஷியரி’ என்ற சொற்களைப் போடுங்கள். ஸ்பேம், குப்பைத் தொட்டி இரண்டையும் சேர்த்துத் தேட வேண்டும். நீங்கள் செய்யாத பரிவர்த்தனை ஏதாவது தெரிந்தால் வங்கிக்கு உடனே சொல்லுங்கள். ரிசர்வ் வங்கி 2017-இல் கொண்டுவந்த விதிப்படி, தப்பு உங்கள் மேலும் வங்கி மேலும் இல்லாமல் வேறெங்கோ இருந்து, வங்கியின் தகவல் வந்த மூன்று வேலை நாளுக்குள் நீங்கள் புகார் செய்தால் நஷ்டம் உங்களைச் சேராது. ஓடிபியை நீங்களே கொடுத்திருந்தால் கதை வேறு, புகார் செய்யும் வரை போன பணம் உங்கள் பொறுப்பு.

தினமும் நாலைந்து விளம்பர மெயில்தான் என்றால் இவ்வளவு பதற்றம் தேவையில்லை. தெரிந்த நிறுவனம் என்றால் அன்சப்ஸ்கிரைப், தெரியாததென்றால் ‘ரிப்போர்ட் ஸ்பேம்’. செட்டிங்ஸில் ‘ஆஸ்க் பிஃபோர் டிஸ்ப்ளேயிங் எக்ஸ்டர்னல் இமேஜஸ்’ என்பதையும் போட்டு வையுங்கள். மெயிலுக்குள் கண்ணுக்குத் தெரியாத சிறு படம் ஒன்றை வைத்து, நீங்கள் திறந்தீர்களா என்று பார்க்கிறார்கள். திறந்தால், இந்த ஐடியில் ஆள் இருக்கிறது என்று குறித்துக்கொள்வார்கள்.

வாசகர், ஆத்தூர்: கசியவிட்ட நிறுவனத்தின் மேல் நஷ்டஈடு கேட்க முடியுமா? சட்டம் என்ன சொல்கிறது?

உள்ளதைச் சொல்கிறோம். மெயில் ஐடி கசிந்ததற்காக மட்டும் உங்கள் கைக்குப் பணம் வருவது இன்றைய நிலையில் கடினம். தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 43ஏ பிரிவு நஷ்டஈடு பேசுகிறது. ஆனால் அதற்கான 2011 விதிகளில் ‘நுட்பமான தகவல்’ என்ற பட்டியலில் பாஸ்வேர்ட், வங்கிக் கணக்கு, உடல்நலம், கைரேகை போன்றவை இருக்கின்றன, மெயில் ஐடி இல்லை. 2023-இல் வந்த டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் மெயில் ஐடியும் அடங்கும். சரியான பாதுகாப்பு வைக்காத நிறுவனத்துக்கு 250 கோடி ரூபாய் வரையும், கசிவைத் தெரிவிக்காவிட்டால் 200 கோடி வரையும் அபராதம் போடலாம். அந்தப் பணம் அரசுக் கருவூலத்துக்குத்தான் போகும், பாதிக்கப்பட்டவருக்கு அல்ல. அதன் விதிகள் 2025 நவம்பரில் வந்தன. கசிவை வாடிக்கையாளருக்கு உடனே தெரிவிக்க வேண்டும் என்பது உள்ளிட்ட முக்கியக் கடமைகள் அதிலிருந்து 18 மாதம் கழித்துத்தான், அதாவது 2027 மே மாதம்தான், நடைமுறைக்கு வருகின்றன. பாதிக்கப்பட்டவருக்கு ஒரு ரூபாய்கூடச் சேராத இந்த ஏற்பாடு சரியில்லை என்பது எங்கள் உறுதியான கருத்து.

ஆனால் இன்றைக்கே செய்யக்கூடியதும் இருக்கிறது. ஆன்லைன் கடை என்றால் 2020 மின்வணிக விதிகளின்படி குறைதீர் அதிகாரி ஒருவரின் பெயரும் தொடர்பும் அதன் தளத்தில் இருக்க வேண்டும். அவர் 48 மணி நேரத்துக்குள் புகார் கிடைத்ததென்று பதில் போட்டு, ஒரு மாதத்துக்குள் தீர்வு சொல்ல வேண்டும். கஸ்டமர் கேரை விட்டுவிட்டு அவருக்கு எழுதுங்கள். கோபத்தை இரண்டு வரியில் முடித்துவிட்டு, கேள்விகளை எண் போட்டுக் கேளுங்கள். என்று கசிந்தது, என்று தெரிந்தது? என் சம்பந்தமாக என்னென்ன விவரம் அந்தப் பட்டியலில் இருந்தது? கசிந்தது உங்களிடமிருந்தா, ஒப்பந்ததாரரிடமிருந்தா? சைபர் சம்பவத்தை 6 மணி நேரத்துக்குள் மத்திய அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன்னுக்குத் தெரிவிக்க வேண்டும் என்று 2022 ஏப்ரல் உத்தரவு இருக்கிறதே, தெரிவித்தீர்களா? என் கணக்கை மூடினால் என் விவரம் முழுவதையும் அழித்ததாக எழுதித் தருவீர்களா? இவற்றுக்கு எழுத்தில் வரும் பதில், அல்லது பதில் வராமல் போவது, இரண்டுமே பின்னால் உங்களுக்கு ஆதாரம்.

பதில் இல்லையென்றால் 1915 நுகர்வோர் உதவி எண். கசிவால் உண்மையிலேயே பணம் போயிருந்தால் சேலம் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் வழக்குப் போடலாம். நிறுவனம் பெங்களூரில் இருந்தாலும் நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே போட 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் இடம் தருகிறது. நீங்கள் கொடுத்த விலை 5 லட்சம் வரை என்றால் கட்டணம் இல்லை, இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும். கசிவு அறிவிப்பு மெயில், மோசடி மெயில், வங்கி ஸ்டேட்மென்ட், 1930 புகார் எண் ஆகியவற்றை அழித்துவிடாமல் வையுங்கள். மோசடி மெயிலை ஸ்கிரீன்ஷாட் மட்டும் எடுத்துவிட்டு அழிப்பவர்கள் அதிகம். ‘ஷோ ஒரிஜினல்’ பக்கத்தில் ‘டவுன்லோட் ஒரிஜினல்’ கொடுத்து முழுக் கோப்பாகச் சேமியுங்கள், எங்கிருந்து வந்தது என்ற தடம் அதில்தான் இருக்கிறது.

வாசகி, ஓமலூர்: எனக்கு வெறுத்துப்போய்விட்டது. பழைய ஐடியை அழித்துவிட்டுப் புதிதாக ஒன்று தொடங்கிவிடலாமா?

புதிதாகத் தொடங்குங்கள், பழையதை அழிக்காதீர்கள். வங்கி, எல்.ஐ.சி., பிள்ளைகளின் பள்ளி, கேஸ் என்று எங்கெல்லாம் பழைய ஐடி இருக்கிறதோ அங்கெல்லாம் முதலில் மாற்ற வேண்டும். இன்பாக்ஸில் ஒரு வருடத்துக்குப் பின்னோக்கிப் போய், யார் யார் எழுதியிருக்கிறார்கள் என்று ஒரு தாளில் எழுதிக்கொண்டு ஒவ்வொன்றாக மாற்றி டிக் போடுங்கள். வருடத்துக்கு ஒரு முறைதான் வருமான வரி, இன்சூரன்ஸ் மெயில் வரும் என்பதால் ஒரு வருடக் கணக்கு. புதிய ஐடியை வங்கிக்கும் அரசு வேலைக்கும் மட்டும் கொடுங்கள், கடைகளுக்கெல்லாம் பழையதே போதும். பழைய கணக்கில் மாதம் ஒரு முறையாவது உள்ளே போய் வாருங்கள். இரண்டு வருடம் தொடாமல் கிடந்தால் கூகுள் அந்தக் கணக்கை நீக்கிவிடலாம்.